ஆராய்ச்சித் துரையும் ஒன்பது மொட்டைகளும்

மலாய் நாட்டில் அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம், அம்பாங் பெச்சாவுக்கு மேலே மலைகளில் வாழ்ந்துவந்த தெமுவான் மக்களைப் பாதுகாப்பது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அவர்கள் யாரிடமும் பாதுகாப்புக் கேட்கவில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அவர்கள் மரவள்ளிக் கிழங்கு கொடுக்கிறார்கள் என்று யாரோ மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு காலையில் லோரிகள் மலையடிவாரத்துக்கு வந்தன. குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். இனி நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூர் பக்கம் வந்து இறக்கினார்கள்.

இறக்கிய இடம் சிலாங்கூர் ஆற்றங்கரையில், பன்னிரண்டாங்கட்டைத் தோட்டத்தை ஒட்டிய சேற்று நிலம். மலையூற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது கடல் ஏறும்போதெல்லாம் உப்புக் கரிக்கிற ஆற்றுத் தண்ணீர். சுற்றிலும் இரட்டை முள்கம்பி வேலி, ஒரே வாசல், வாசலில் துப்பாக்கிக் காவல். உள்ளே தகரக் கூரைக் கொட்டகைகள். வாசலுக்கு மேலே பெயிண்ட் வாடை போகாத பலகை ஒன்று தொங்கியது: ‘ஆதிகுடிப் பண்பாட்டுக் காப்பு நிலையம்’. படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே இருந்தார்கள்.

நிலையத்துக்குத் தலைவராக வந்தவர் டாக்டர் பிண்டில். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சமூகவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். மனிதர்கள் ஏன் மனிதர்களாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. அதில் பட்டம் வாங்கியவர். தோட்டத்து ஜனங்கள் அவருக்கு ஆராய்ச்சித் துரை என்று பேர் வைத்தார்கள்; நேரில் மலாய் வழக்கப்படி துவான் என்பார்கள். அவருக்கு மலாய் நன்றாகவே வரும், புத்தகத்து மலாய். வந்தவர்களுக்கும் மலாய் வரும். ஆனாலும் துரை அவர்களோடு நேரடியாகப் பேச மாட்டார். ஆராய்கிறவன் ஆராயப்படுகிறவனோடு நேரடியாகப் பேசினால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்றார்.

அந்த நடு ஆள்தான் நம் இருசப்பன்.

இருசப்பன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவன். முன்பு அம்பாங் பெச்சா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது உப்பும் புகையிலையும் கொடுத்துவிட்டுத் தெமுவான்களிடம் பெத்தாய்க் காயும் பிரம்பும் வாங்கியிருக்கிறான். அவர்களுடைய தலைவர் கெப்பால் அவனுக்குப் பழக்கம். கிராமத் தலைவரை அவர்கள் பாத்தின் என்பார்கள். காட்டுக்குள் காய்ச்சலில் விழுந்து கிடந்த இருசப்பனை ஒரு நாள் முழுக்க முதுகில் சுமந்துவந்து தோட்டத்து எல்லையில் இறக்கிவிட்டுப் போனவர் அவர். அதற்கு மேல் அந்த மக்களைப் பற்றி இருசப்பனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தோட்டத்தில் எல்லாரும் அவர்களை இளக்காரமாகச் சக்காய் என்பார்கள், அவனும் அப்படித்தான் சொன்னான். தன்னைக் கூலி என்று மற்றவன் சொன்னால் மட்டும் அவனுக்கு மூக்குமேல் கோபம் வரும்.

“அவர்களை உனக்குத் தெரியுமா?” என்று துரை கேட்டார். இருசப்பன் தெரியும் என்றான். அன்று மாலையே அவனுக்குக் காக்கிச் சட்டை, காக்கிக் காற்சட்டை, அகல விளிம்புத் தொப்பி, ஒரு விசில் எல்லாம் கிடைத்தன. ‘பண்பாட்டு உதவியாளர்’ என்று பதவி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் கடைசியில் சன்னல் வைத்த வீடும் கொடுத்தார்கள். அவன் பெண்டாட்டி காளியம்மா சன்னலைத் திறந்து மூடித் திறந்து மூடி அன்று முழுக்க வேலையே பார்க்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும், நிலையத்தில் முதல் சாவு விழுந்தது. வயிற்றோட்டத்தில் ஒரு கிழவர் போனார். கெப்பால் வேலியோரம் வந்து நின்றார்.

“இருசப்பா, உன் துவான்கிட்டச் சொல்லு. சாவு விழுந்த எடத்துல நாங்க இருக்க மாட்டோம். விட்டுட்டு வேற எடம் போவோம். திரும்பி வரமாட்டோம். இருந்தா ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிருவோம்.”

இருசப்பன் அப்படியே போய்ச் சொன்னான். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“வேலியை விட்டு வெளியே போக வேண்டும் என்பது பண்பாடு இல்லை, அரசியல். அரசியல் என்றால் நான் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அரசியல் எனக்குப் பாடம் இல்லை. நான் கேட்பது பண்பாடு. ஒருவன் செத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?”

இருசப்பனுக்குப் போலீஸ் என்ற சொல்லே போதும். போலீஸ் வந்தால் கெப்பாலைக் கொண்டுபோய்விடுவார்கள், பிறகு ஆள் இருக்கிற இடமே தெரியாது. என்னத்தையாவது சொல்லித் தொலைக்க வேண்டும். அவசரத்தில் அவனுக்குத் தன் அப்பன் செத்ததுதான் ஞாபகம் வந்தது.

“ஆத்தங்கரைக்குப் போயி மொட்ட அடிச்சிக்குவாங்க, துவான். ஆம்பளைங்க மட்டும். அப்புறம் காக்காய்க்குச் சோறு வெப்பாங்க.”

துரையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எழுந்து இருசப்பனின் தோளில் தட்டினார். இந்த மலைகளில் இப்படி ஒரு சடங்கு இருப்பதாக இதுவரை எந்த ஆராய்ச்சியாளனும் எழுதவில்லை என்றார். எழுதியிருக்க முடியாதுதான்.

தோட்டத்து நாவிதர் செல்லனைக் கூப்பிட்டார்கள். வேலி வாசல் அவர்களுக்காக முதல்முறையாகத் திறந்தது. தெமுவான் ஆண்கள் வரிசையாக ஆற்றங்கரைக்கு வந்து குந்தினார்கள். செல்லன் கத்தியைத் தீட்டினார். காவலர்கள் துப்பாக்கியை நீட்டிப் பண்பாட்டுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். துரை நின்றும் உட்கார்ந்தும் படம் பிடித்தார். கெப்பாலின் முறை வந்தபோது அவர் இருசப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

“நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல பாத்தின். துரை ஆசப்படுறாரு. பேசாம இருந்துருங்க, முடிதான, வளந்துரும்.”

முடி வளர்ந்துவிடும் என்பது உண்மைதான். வளர அவகாசம் வேண்டுமே. ஒரு மாதத்துக்குள் இன்னும் நான்கு சாவு. கொசுக்கடியில் காய்ச்சல், உப்புத் தண்ணீரில் வயிற்றுப்போக்கு, குழந்தைகளுக்குச் சளி. ஒவ்வொரு சாவுக்கும் வாசல் திறந்தது, செல்லன் வந்தார், கத்தி ஓடியது. முடியில்லாத தலையில் கத்தி ஓடுவதைத் துரை ‘சடங்கின் தீவிரம்’ என்று எழுதிக்கொண்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இரக்கப்பட்டுக் காய்ச்சல் மாத்திரை ஒரு புட்டி கொடுத்தனுப்பினார். அதைத் துரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“இருசப்பன், இதைக் கவனமாகக் கேள். என் பண்பாடுதான் உயர்ந்தது, மற்றவன் பண்பாடு தாழ்ந்தது என்று நினைப்பதற்கு இனமையவாதம் என்று பெயர். அது பெரிய பாவம். இந்த மாத்திரை என் பண்பாடு. இதை நான் அவர்கள்மேல் திணித்தால் அவர்கள் தங்களுடைய சொந்த முறையில் வாழ்வதைத் தடுத்தவன் ஆவேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவர்களை நான் மதிக்கிறேன்.”

“அந்த முள்ளுக்கம்பி, துவான்?”

“முள்கம்பி பண்பாடு இல்லை. நிர்வாகம்.”

இருசப்பனுக்கு அது விளங்கவில்லை. விளங்காதது தன் படிப்புக் குறைவு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினான். மாத்திரைப் புட்டி துரையின் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவியது.

ஆறாவது சாவுக்குக் கெப்பால் ஆற்றங்கரைக்கு வர மறுத்தார். இது எங்கள் வழக்கமே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். துரை கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அன்று மாலை காவலர்களையும் உதவியாளரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

“நண்பர்களே, நாம் அஞ்சியது நடந்துவிட்டது. இதற்குப் பண்பாட்டு இழப்பு என்று பெயர். ஒரு இனத்தின் தலைவனே தன் இனத்தின் சடங்கை மறந்துவிட்டான். வெளியுலகத்தோடு ஏற்பட்ட தொடர்பால் வந்த வினை இது. அவர்கள் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது. அவர்களுடைய பண்பாட்டை அவர்களுக்கு நாம்தான் கற்றுத்தர வேண்டும்.”

மறுநாளிலிருந்து பண்பாட்டு வகுப்பு. நடுக் கொட்டகையில் ஒரு கரும்பலகை வந்தது. தினம் காலையில் விசில் ஊதியதும் காய்ச்சலில் நடுங்குகிறவர்களும் வந்து உட்கார வேண்டும். வராதவர்களுக்கு அரிசி கிடையாது. ஆசிரியர் இருசப்பன். கருமாதி எப்படிச் செய்வது, பிண்டம் எப்படிப் பிடிப்பது, காக்காயை எப்படிக் கூப்பிடுவது என்று அவன் தெமுவான்களுக்குத் தெமுவான் வழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கே பாதி சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில் தோன்றியதைச் சேர்த்துக்கொண்டான்.

“செத்துப்போன உங்க தாத்தா காக்காயா வருவாரு. நீங்க சோறு வெச்சுக் கா கான்னு கூப்புடணும்.”

“எங்க தாத்தா போயிட்டாரு,” என்றார் கெப்பால். “போனவர ஏன் கூப்புடணும்? வந்தா நம்மையும்லா கூட்டிட்டுப் போவாரு.”

கொட்டகை ஓரத்தில் நின்ற துரை இருசப்பனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கெப்பாலுக்கு அன்று அரிசி இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் இருசப்பன் கொஞ்சம் தலைக்கனம் பிடித்துத்தான் திரிந்தான். விசிலைக் கழற்றாமல் சாப்பிட்டான். லயத்தில் பால் வாளியோடு போகிறவர்களை நிறுத்தி, உங்களுக்கெல்லாம் பண்பாடு இருக்கா என்று கேட்டான். காளியம்மாவின் தம்பி நல்லசாமி அவன் பின்னாலேயே சுற்றினான், தனக்கும் ஒரு காக்கிச் சட்டை வாங்கித்தரச் சொல்லி. ஊரே செத்துக்கொண்டிருப்பதை இருசப்பன் பார்க்காமல் இல்லை. பார்த்தான், ராத்திரி தூக்கம் வராமல் புரண்டான், காலையில் எழுந்து விசிலை மாட்டிக்கொண்டு போனான்.

ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை ஒருவர் பார்வையிட வந்தார். கொட்டகைகளில் பாதி காலியாகக் கிடந்ததைப் பார்த்து என்ன காரணம் என்று கேட்டார். ஆராய்ச்சித் துரை சுட்டுக்குச்சியால் வரைபடம் ஒன்றைக் காட்டினார்.

“ஐயா, ஒரு சமூகம் புதிய சூழலுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்வதைத் தகவமைவு என்கிறோம். இவர்கள் இட நெருக்கடிக்குத் தங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதன் மூலம் தகவமைகிறார்கள். மிகவும் அறிவான மக்கள். ஆள் குறையக் குறையப் பண்பாடு செறிவாகிறது. முன்பு ஒரு மாதத்துக்கு ஒரு சடங்குகூடக் காண முடியாது. இப்போது வாரம் ஒன்று காண முடிகிறது.”

பெரிய துரை கை குலுக்கினார். ஒரு பண்பாட்டை இவ்வளவு அருகிலிருந்து காப்பாற்றுவதை எங்கும் கண்டதில்லை என்றார். அன்று ஒரு சாவு தயாராக இல்லாததால் முந்தின நாள் புதைத்தவருக்காகவே இன்னொரு முறை மொட்டை அடித்துக் காட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கெப்பாலின் மகள் இறந்தாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, சேனி என்று பேர், மூன்று வயசுகூட இருக்காது. அதற்கும் காய்ச்சல். கெப்பால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இருசப்பன் முன்னால் நின்றார். இந்த முறை அவர் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

“எனக்குன்னு மிச்சம் இது ஒண்ணுதான். மலைக்குக் கொண்டுபோனா பொழச்சிக்கும். அங்க எனக்கு மருந்து தெரியும், தண்ணி தெரியும். அன்னிக்கு உன்னச் செமந்தேன். இன்னிக்கு நான் கேக்குறேன்.”

 இருசப்பன் நேராகத் துரையிடம் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மொட்டை அவர்கள் வழக்கம் இல்லை, எங்கள் வழக்கம், பயத்தில் நான்தான் கட்டிச் சொன்னேன், சாவு விழுந்த இடத்தை விட்டுப் போவதுதான் அவர்கள் வழக்கம், அந்தக் குழந்தையை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்றான்.

துரை அவனைப் பரிவோடு பார்த்தார்.

“நீ அவர்களோடு அதிகம் பழகிவிட்டாய், இருசப்பன். இப்போது அவர்களைப் போலவே மறக்க ஆரம்பித்துவிட்டாய். மொட்டைச் சடங்கு பற்றிய என் கட்டுரை லண்டனில் அச்சாகிவிட்டது. அச்சான பிறகு ஒரு வழக்கம் இல்லாமல் போக முடியாது.”

“புள்ள செத்துரும், துவான்.”

“செத்தால் அதற்கும் அவர்களிடம் ஒரு சடங்கு இருக்கிறது. அதுதான் பண்பாட்டின் அழகு.”

இருசப்பன் வெளியே வந்தான். அந்த மனுஷனை அங்கேயே கழுத்தை நெரித்துவிடலாமா என்று இருந்தது. வாசலில் நின்ற காவலைப் பார்த்தான். இந்த வாசல் எதற்குத் திறக்கிறது? அரிசிக்குத் திறக்காது, மருந்துக்குத் திறக்காது. தான் கட்டிச் சொன்ன பொய்க்கு மட்டும்தான் திறக்கிறது. திரும்பித் துரையிடமே போனான்.

“மன்னிச்சிருங்க துவான். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. தாய் செத்தா, புள்ளையையும் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வரணும். அது அவங்க வழக்கம்.”

“புதிய தகவல்!” என்றார் துரை.

மறுநாள் மாலை வெயில் இறங்கும் நேரம், ஒன்பது ஆண்கள் வெளியே வந்தார்கள். மிச்சம் இருந்த ஆண்கள் அவ்வளவுதான். காவலுக்குத் தலைவரான கார்ப்பரல் மாட் நோர் தலையை எண்ணி அனுப்பினார். பெண்களையும் குழந்தைகளையும் எண்ணுகிற வழக்கம் இல்லை; மொட்டை போட்ட ஆண்தான் ஒரு ‘சமூக அலகு’ என்று துரை உத்தரவு. சேனி கெப்பாலின் தோளில் சுருண்டு கிடந்தது.

ஆற்றங்கரையில் நீப்பாப் பனை மட்டைகள் ஆள் உயரத்துக்கு அடர்ந்திருந்தன. தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் இருசப்பனும் கெப்பாலும் அதற்குள் போனார்கள். திரும்பி வந்தபோது இடுப்பில் மரப்பட்டைத் துணியோடு வந்து செல்லன் முன்னால் குனிந்து உட்கார்ந்தவன் இருசப்பன். செல்லன் கத்தியை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

“ஒன் வீட்ல யாரும் சாகலியே, இருசப்பா?”

“சாகாம இருக்கத்தாண்ணே. வழிங்க.”

 செல்லன் அவன் தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

நீப்பாவுக்குள்ளிருந்து காக்கிச் சட்டையும் அகலத் தொப்பியுமாக ஒரு ஆள் வெளியே வந்து, தோளில் தூங்குகிற பிள்ளையோடு வரப்பில் ஏறி லயத்துப் பக்கம் நடந்தான். காற்சட்டை அவனுக்குக் குட்டை. காலில் செருப்பு இல்லை. துரை படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“நாளைக்குச் சீக்கிரம் வா, இருசப்பன்.”

காக்கிச் சட்டையும் கையை உயர்த்தியது. பிறகு ரப்பர் மரங்களுக்குள் போய் மறைந்தது.

வாசலில் மாட் நோர் மொட்டைகளை எண்ணினார். ஒன்பது. கணக்குச் சரி. கதவைச் சாத்தினார்கள். இருசப்பன் போட்ட கணக்கு இதுதான்: ஒரு ராத்திரி உள்ளே இருப்பது, காலையில் துரையிடம் போய் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது. மாசக்கணக்கில் தன் முகத்தைப் பார்த்த மனுஷன், தன்னைத் தெரியாமலா போய்விடும்?

காலையில் துரை அவன் முன்னால் வந்து நின்றார். இருசப்பன் எழுந்து, பழக்கத்தில் சலாம் வைத்தான்.

“துவான், நான்தான் இருசப்பன்.”

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபித்துக்கொண்டு திருப்பவில்லை. நடு ஆள் இல்லாமல் நேரடியாகக் கேட்டுவிடக் கூடாதல்லவா, அதனால்தான். கார்ப்பரலைப் பார்த்து, பாத்தின் கெப்பால் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

மாட் நோருக்கு ஆள் யாரென்று பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு கணம் யோசித்தார். கெப்பால் தப்பிவிட்டான் என்றால் எண்ணி அனுப்பி எண்ணி அடைத்த தன் வேலை போகும், ஒருவேளை தானும் கம்பிக்குள் போக வேண்டும். “தன் பேர் இருசப்பன் என்கிறான், துவான்,” என்றார்.

துரைக்கு மூச்சே நின்றுவிட்டது போலிருந்தது. உதவியாளன் இன்று வேலைக்கு வரவில்லை. விசாரித்ததில் நேற்று வீட்டுக்கும் போகவில்லை. காட்டுக்கு ஓடிக் கம்யூனிஸ்ட்டுகளோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் போலீசுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். ஓடிப்போன ஆளின் பெயரை இனத் தலைவன் தன்மேல் ஏற்றுக்கொள்வது! இது பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம் என்றார். இடுக்கி போன்ற ஒரு கருவியை எடுத்து இருசப்பனின் மொட்டைத் தலையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அளந்தார். அளந்துவிட்டுக் கார்ப்பரலைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இதுவரை அளந்த தலைகளில் இவ்வளவு கலப்பில்லாத தெமுவான் தலையை நான் பார்த்ததில்லை.”

அவர் போன பிறகு மாட் நோர் இருசப்பனின் காதோரம் குனிந்தார். “நீ இருசப்பன்னா, கைதியைத் தப்பவிட்ட ஆள். அவசரகாலச் சட்டம். தூக்குகூடப் போடுவாங்க. கெப்பால்னா ரேசன் அரிசி உண்டு. எது வேணும், பார்த்துக்கோ.”

மூன்றாம் நாள் காளியம்மா வேலிக்கு வெளியே வந்து நின்றாள். மொட்டையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பது தன் புருஷன்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போலீசு வந்து வீட்டக் கொடஞ்சிட்டுப் போச்சு. நீங்க காட்டுக்கு ஓடிட்டீங்கன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?”

“நல்லதாப் போச்சு. அழுவாத.”

“வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. அப்புறம் நல்லசாமிக்கு ஒங்க வேலையக் குடுத்துட்டாங்க. அதனால வீடு நிக்கிது.” அவள் அழுதாள். “லோரிக்கார மீரா முகைதீன் சொன்னாரு, அம்பாங் பெச்சா ரோட்டுல காக்கிச் சட்ட போட்ட கெழவர் ஒருத்தர் புள்ளையத் தூக்கிட்டு மலையேறிப் போனாராம். புள்ள கண்ண முழிச்சிப் பாத்துச்சாம்.”

இருசப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்று வகுப்பில் அவனுக்கு ரேசன் அரிசி கிடைத்தது. வீட்டில் உலை வைத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

வகுப்பை இப்போது நல்லசாமி நடத்தினான். காக்கிச் சட்டை அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. மாமன் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தே பாடம் சொன்னான். ஒரே ஒரு முறை, விசிலைத் துடைக்கிற மாதிரி கிட்ட வந்து, “மாமா, அக்காவுக்கும் புள்ளைகளுக்கும் வீடு வேணும்ல. என்னய எதுவும் கேட்டுறாதீங்க,” என்றான். இருசப்பன் கேட்கவில்லை. மழைக்காலம் வந்தது. ஒன்பது அலகு ஏழானது.

ஒரு காலையில் துரை உற்சாகமாக வந்தார். பின்னால் நல்லசாமி. துரை பாத்தின் கெப்பாலிடம், அதாவது இருசப்பனிடம், ஒரு செய்தி சொல்லச் சொன்னார்.

“விமானத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். அம்பாங் பெச்சா மலையில் புகை. ஒரு கிழவனும் ஒரு சிறு குழந்தையும். இருவருக்கும் தலையில் முடி இருக்கிறதாம். அப்படியானால் இவர்கள் இனம் இல்லை, யாரும் இதுவரை காணாத வேறு இனம். பாவம், பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள். நாளைக்கு லோரி போகிறது. இங்கே கொண்டுவருவதற்கு முன்னால், அவர்களைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேள்.”

நல்லசாமி மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் வெளிறியது. அந்தக் கிழவர் யார் என்று அவனுக்கும் தெரியும்.

இருசப்பன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பிறகு தெமுவான் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று மலாயிலேயே பேசினான். துரை வழக்கம்போல் காதில் வாங்காமல் நல்லசாமியைப் பார்த்து நின்றார்.

“அங்க இருக்குறது ஆள் இல்ல. இங்க செத்தவங்க அங்க போறாங்க. செத்தவங்களுக்கு முடி மொளைக்கும். அவங்க இருக்குற மலைக்கு யாரும் போகக் கூடாது, லோரி போகக் கூடாது, மேல விமானம் பறக்கக் கூடாது. போனா நாங்க எங்க வழக்கத்தையே தொலைச்சவங்களாயிருவோம். இது எங்க பாட்டன் காலத்துப் பண்பாடு. சொல்லு நல்லசாமி.”

நல்லசாமி விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு மாதிரிச் சொன்னால் நாளைக்குக் கட்டுரைக்குப் புது இனம் கிடைக்கும், துரை சந்தோஷப்படுவார், ஒருவேளை சம்பளம்கூட உயரும். அவன் எச்சிலை விழுங்கினான். பிறகு ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னான்.

 துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெய்யாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

“இறந்தோர் மலை,” என்றார். “லோரியை நிறுத்தச் சொல்கிறேன். மக்களின் நம்பிக்கையை மதிப்பதுதான் இந்த அலுவலகத்தின் கடமை. இனி அந்த மலைப்பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று இன்றே மேலிடத்துக்கு எழுதுகிறேன்.”

இருசப்பன் மூச்சை விட்டான். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த தெமுவான் பெண்களில் ஒருத்தி எழுந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் மிச்சம். சண்டை முடிந்த பிறகாவது எங்களை அந்த மலைக்குத் திருப்பி அனுப்புவார்கள் இல்லையா என்று கேட்டாள். நல்லசாமி அதையும் சொன்னான்.

துரை அவளைக் கனிவாகப் பார்த்துவிட்டு, பதிலைச் சொல்லும்படி நல்லசாமியிடம் சொன்னார்.

“அது எப்படி முடியும்? அது இறந்தவர்களின் மலை. உயிரோடு இருக்கிறவர்கள் அங்கே போவது உங்கள் பண்பாட்டுக்கே விரோதம். உங்கள் பாத்தின் இப்போதுதானே சொன்னார்.”

அவள் திரும்பி இருசப்பனைப் பார்த்தாள். கொட்டகையில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.  அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அன்று மதியம் அவளுடைய சின்னப் பிள்ளை இறந்தது. மாலையில் வாசல் திறந்தது. ஏழு பேரை எண்ணி வெளியே விட்டார்கள். செல்லன் ஆற்றங்கரையில் பலகையைப் போட்டு வைத்திருந்தார். முதல் ஆளாக இருசப்பன் போய்க் குனிந்தான்.

“இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்,” என்றார் செல்லன்.